கிளி அச்சில் ஊதா

மூன்று மாதமாகப் பச்சை மையைத் தவிர வேறெதிலும் தோயாத கிளி அச்சைக் கழுவியபோது ஊதாத் தண்ணீர் வந்தது.

அபிதகுஜாம்பாள் குழாயை மூடிவிட்டுக் கல்லின் மேல் குனிந்து பார்த்தாள். கார்த்திகை மாதத்து மத்தியானம். காலையிலிருந்து பெய்து ஓய்ந்த மழை, மறுபடி வரலாமா வேண்டாமா என்று சேலையூர் ஏரிப் பக்கம் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. கிணற்றடியில் பாசி வாடையும் சோப்பு வாடையும் ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும் கலந்து கிடந்தன. தூரத்தில் தாம்பரத்துக்கு வரும் மின்சார ரயில் ஒன்று நீளமாகக் கூவிவிட்டு அடங்கியது. நுரைக்கு நடுவிலிருந்து பிரிந்த அந்த ஊதா, துவைக்கும் கல்லின் சரிவில் இறங்கிச் சாக்கடைக்குப் போவதற்குப் பதிலாக, சரிவில் மேலேறி வந்து அவளுடைய கால் கட்டைவிரலைத் தொட்டு நின்றது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். கல்லைக் கோணலாகப் பதித்திருப்பான் என்று நினைத்தாள். கொத்தனார்களை அவள் என்றைக்குமே நம்பியதில்லை.

ஊதா மை அந்த வீட்டிலேயே கிடையாது. அது தபாலாபீஸ் நிறம், ரேஷன் கடை நிறம், கலைக்கு ஆகாது என்று சொல்லி, இருந்த ஒரே புட்டியையும் மூன்று மாதத்துக்கு முன்பே குப்பையில் போட்டாயிற்று.

வாசல் கேட்டில் ஒரு போர்டு உண்டு. ‘கைவினைச் செல்வி அபிதகுஜாம்பாள் சுந்தரராமன், நிறுவனர், இயக்குநர், தலைமை ஆசிரியை, அபிதா ஹாபி சென்டர், 1984 முதல்’ என்று நாலு வரியில் எழுதியிருக்கும். சென்டர் என்பது, கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று கட்டிய ஷெட். ‘கைவினைச் செல்வி’ காலனி மாதர் மன்றம் கொடுத்த பட்டம். மன்றத்தின் தலைவியும் அவளேதான் என்பதால், தீர்மானம் நிறைவேறுகிற நேரத்தில் நியாயம் கருதி ஐந்து நிமிஷம் வராந்தாவில் போய் நின்றாள். இப்போது நிறுவனர், இயக்குநர், தலைமை ஆசிரியை மூவரும் ஒரே முக்காலியில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் ரப்பர் கிளியின் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மேற்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கண்காட்சி. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மனைவி வந்து குத்துவிளக்கு ஏற்றுகிறார். அவர் கண்ணெதிரே, மேடையில், அபிதகுஜாம்பாள் தன் கையால் வெட்டிய இருபத்துநாலு அச்சுகளைக் கொண்டு வெள்ளைப் பட்டில் பதித்துக் காட்ட வேண்டும். முடித்ததும், தென் புறநகரின் சிறந்த கைவினைக் கலைஞர் என்று மைக்கில் அறிவிப்பார்கள். ஒன்பது வருஷமாக அவள் காத்திருந்த அறிவிப்பு. அவளுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையை வாங்கிவர அவளுடைய கணவர் சுந்தரராமன் காலையிலேயே மாம்பலத்துக்கு ரயிலேறிவிட்டார். மற்றவர்கள் வாங்கினால் தரம் இருக்காது. ஏதாவது ஒரு அச்சில் பழைய மை ஒட்டியிருந்தாலும் பட்டில் தீற்றிவிடும். அதோடு சேர்ந்து ஒன்பது வருஷமும் தீற்றிவிடும்.

சிக்கல் என்னவென்றால், அச்சை எப்படிக் கழுவுவது என்று அவளுக்குத் தெரியாது.

அவள் கழுவியதில்லை. வெட்டியதும் இல்லை. செருப்புத் தைப்பவர்களிடம் கிடைக்கும் கெட்டி ரப்பர் ஷீட்டில், பாதியாக ஒடித்த சவர பிளேடால் கிளியும் அன்னமும் மாங்காயும் வெட்டி, மரக்கட்டையில் ஒட்டி, ஊதா மையில் தோய்த்துப் பதித்துச் சரிபார்த்து, மாலையில் கழுவி நிழலில் உலர வைத்ததெல்லாம் படப்பையிலிருந்து பஸ்ஸில் வந்துபோன அருள்மேரி என்ற பெண். விருந்தாளிகள் வந்தால் அருள்மேரி சமையலறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பது சென்டரின் எழுதாத விதி. ‘என் விரல்களுக்குள் ஒரு சிற்பி தூங்குகிறான்’ என்று அபிதகுஜாம்பாள் ஒரு பெண்கள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தாள். அதில் பொய்யே இல்லை. அவன் ஒரு நாளும் எழுந்ததில்லை.

ஐம்பது மாணவிகள் இருந்தும் ஒருத்தியிடமும் கேட்க முடியாது. தான் வெட்டிய அச்சைத் தனக்கே கழுவத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வாள்?

சோப்புக்கு மசியவில்லை. பாத்திரப் பொடிக்கும் மசியவில்லை. கடைசியில் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை அகலமான தட்டில் ஊற்றி, இருபத்துநாலையும் குப்புறப் போட்டு ஒரு மணி நேரம் ஊற வைத்தாள். ரப்பரை மண்ணெண்ணெயில் போடக்கூடாது என்பது, ரப்பரில் ஒரு நாள் வேலை பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும். எடுத்தபோது கிளி உப்பியிருந்தது. அன்னத்தின் கழுத்து தடித்திருந்தது. வெட்டிய பள்ளங்கள் உதடுகள்போல ஒன்றையொன்று நெருங்கி மூடிக்கொண்டிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினாள், இடுக்கிலிருந்து ஒரு சொட்டு ஊதா கசிந்தது. விரலை எடுத்தாள். அமுங்கிய இடம் மெல்ல எழும்பித் தன் நிலைக்கு வந்தது, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல.

மூன்று மணிக்குப் பாத்திரம் தேய்க்கக் கன்னியம்மா வந்தாள்.

“இன்னா மாமி இது, கையெல்லாம் ஊதாவா கீது? நாவாப்பயம் துன்னீங்களா?”

“இங்க்குடி. நீ உன் வேலையைப் பாரு.”

“பாக்கறேன், பாக்கறேன். கொஞ்சம் நவுந்து குந்துங்க, கொயாய நீங்களே புட்சிகினு இருந்தா நான் எங்க போவேன்?”

அபிதகுஜாம்பாளுக்கு ஒரு யோசனை வந்தது. “கன்னியம்மா, எனக்குக் கை வலிக்கறது. இதுல நாலைத் தேச்சுக் குடேன்.”

கன்னியம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளி அச்சை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கல்லின் மேல் போட்டாள்.

“ஐயே! இன்னா மாமி, வெதுவெதுன்னு கீது? ஜொரம் வந்த கொயந்த மாரி.”

“வெயில்ல இருந்தது.”

“வெயிலா? இன்னிக்கா?” கன்னியம்மா வானத்தைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், வாணலியை இழுத்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், “அந்த அருள்மேரிப் பொண்ணு இருந்தா இத்தனி நேரத்துக்குக் கய்விக் கவுத்திருக்கும். எங்க பூட்ச்சோ. அதோட அம்மா பேபி கீதுல்ல, அது வாராவாரம் வந்து ஸ்டேஷன் வாசல்ல போட்டோவ வெச்சிகினு நிக்குது. போறவன் வர்றவன் அல்லாரையும் கேக்குது. பாக்க பேஜாரா கீது மாமி. இங்க வந்துச்சா?”

“வந்தா. எனக்கென்ன தெரியும்னு சொல்லி அனுப்பிச்சேன்.”

“அத்தச் சொல்லுங்க. உங்களுக்கு இன்னா தெரியும்,” என்றாள் கன்னியம்மா. அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மழை தூறத் தொடங்கியதும் வழக்கத்துக்கு முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டாள். காப்பிக்குக்கூட நிற்கவில்லை.

அபிதகுஜாம்பாளுக்குத் தெரியும்.

பேட்டி வெளிவந்த அன்று, பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அருள்மேரி ஷெட் வாசலில் வந்து நின்றாள். “வெட்னது நான்னு ஒரு ஓரமா போடச் சொல்லி அவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க மாமி. எங்கம்மாவாண்ட காட்டணும். வேற ஒண்ணும் வோணாம்,” என்றாள். மாமி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என் டிசைனைத் திருடப் பார்க்கிறாயா என்று கேட்டாள்; இனி இந்தப் பக்கம் வந்தால் போலீஸ் என்றாள். அருள்மேரி அழவில்லை. அன்று அந்திமழையில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தாள். கடக்கத்தான் போனாளா, வேறு எதற்காவது போனாளா என்று சொல்ல ஆளில்லை.

மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். தண்டவாளத்தில் கிடைத்த பையில் சென்டரின் விலாசச் சீட்டு இருந்ததாம். பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கைகள் மட்டும் முழுசாக இருந்தன. நகக்கண்களில் ஊதா. இடது ஆள்காட்டி விரலில் பிளேடு பட்டுப் பட்டுக் காய்த்த தழும்பு. அபிதகுஜாம்பாள் மூக்கைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள். யாரென்று சொன்னால், உங்களிடம் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்பார்கள். பத்திரிகையோ இன்னும் எல்லாக் கடைகளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடையாளம் தெரியவில்லை என்று எழுதி, அதன் கீழே பட்டம் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். பெயரில்லாத உடம்பைப் பெயரில்லாமலே புதைத்தார்கள்.

நாலரை மணிக்கு மழை கொட்டத் தொடங்கியது. கரண்ட் போயிற்று.

அச்சுகளைத் தாம்பாளத்தில் அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்தாள். அந்த மங்கலில், ஓட்டின் மேல் மழை இரைகிற இரைச்சலுக்கு நடுவே, அவளுக்கு ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. சாயங்காலமானால் சமையலறைக்குப் பின்னாலிருந்து கேட்கும் சத்தம். தப். தப். தப். தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் அருள்மேரி ஒவ்வொரு அச்சையும் வேஸ்ட் பேப்பரில் பதித்துக்கொண்டே இருப்பாள். முதல் பதிப்பு அடர்த்தி. அடுத்தது வெளுக்கும். ஐந்தாவது நிழல். பத்தாவது வெறும் தாள். மை தீர்ந்த பிறகுதான் சோப்பு. இவ்வளவுதானா விஷயம் என்று அபிதகுஜாம்பாள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

வேஸ்ட் பேப்பருக்குப் பஞ்சமில்லை. சான்றிதழில் ‘தலைமை ஆசிரியை’யை விட்டுவிட்டு அச்சடித்தான் என்று தள்ளி வைத்த ஐந்நூறு தாள் பீரோவின் மேல் இருந்தது. ஒரு கட்டுத் தாளை எடுத்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கிளியை வைத்து அழுத்தினாள்.

தப்.

மங்கலான கிளி. நல்லது. மறுபடி அழுத்தினாள். தப். கிளி கொஞ்சம் தெளிந்திருந்தது. மறுபடி. இன்னும் அடர்த்தி. மைத் திண்டையே தொடாத அச்சு, ஒவ்வொரு பதிப்பிலும் கறுத்துக்கொண்டே வந்தது. ஈரம் தாளின் மறுபக்கம் வரை ஊறியது. ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடை எழுந்தது. மழையில் நனைந்த இரும்பின் வாடை.

இன்னொன்றையும் கவனித்தாள். அவள் ஒருமுறை பதித்தால் சத்தம் இரண்டு முறை கேட்டது. அவளுடையது ஒன்று. அரைக் கணம் கழித்து, சமையலறைக்குப் பின்னாலிருந்து இன்னொன்று.

தப். தப்.

“கன்னியம்மா? இன்னும் போகலையாடி?”

அவள் மறுபடி தாளில் அழுத்தினாள்.

எட்டாவது பதிப்பில் கிளி இல்லை. சுழிசுழியாகக் கோடுகள். நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றி வரப்பு வரப்பாக வளையங்கள். பார்த்த மாதிரி இருந்தது. நிலப் பத்திரத்தில், வங்கிப் படிவத்தில் பார்த்த மாதிரி. அவள் தன் வலது கட்டைவிரலை மெழுகுவத்தி வெளிச்சத்தில் திருப்பினாள்.

விரலில் கோடே இல்லை. வழவழவென்று இருந்தது, உரித்த வேர்க்கடலை மாதிரி.

அச்சைக் கீழே வைக்கப் பார்த்தாள். கை வைக்கவில்லை. கை அன்னத்தை எடுத்தது.

தப். தப்.

உள்ளங்கை ரேகைகள். ஜோசியர்கள் புகழ்ந்த அதே ரேகைகள். தாளில் இருந்தன. கையில் இல்லை.

மாங்காய். ஒரு புருவம். மயில். இன்னொரு புருவம், நடுவில் முடி உதிர்ந்த இடம் உட்பட. தாமரை. காதுமடல், தோட்டோடு. அவளுடைய தோடு, ஏழு கல். இடது கையால் நெற்றியைத் தடவினாள். புருவம் இருந்த இடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

அவள் அலறியிருப்பாள். அதற்குள் டெலிபோன் மணி அடித்தது.

கை நின்றது. சமையலறைக்குப் பின்னாலிருந்த சத்தமும் நின்றது. அபிதகுஜாம்பாள் விழுந்தடித்து எழுந்து ரிசீவரை எடுத்தாள்.

“மேடம், யூனிஸ் பேசறேன்.” கண்காட்சிக் குழுவின் செயலாளர், பள்ளிக்கூட டீச்சர், எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள். “பேனர் எழுதறவர் பக்கத்துல நிக்கறார். அச்சுகளை வெட்டியவர்னு ஒரு வரி பெரிசா போடச் சொல்லி சீஃப் கெஸ்ட் விருப்பப்படறாங்க. அதான் கேக்கறேன். வெட்டினதுல வேற யாராவது உண்டா மேடம்? யார் பேராவது சேக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. பெயின்ட் காஞ்சா அப்புறம் மாத்த முடியாது.”

வீடு முழுவதும் அசையாமல் நின்றது. மழைகூடக் கொஞ்சம் விலகி நின்று கேட்டது. தாம்பாளத்தில் இருபத்துநாலு அச்சுகளும், முகம் மேலே பார்க்க, காத்துக்கொண்டிருந்தன. எப்போது திரும்பின என்று தெரியவில்லை. அவள் எல்லாவற்றையும் குப்புற வைத்திருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு பெயர். சொல்ல ஒரு நொடி ஆகும். அதைக் கேட்கத்தான் எல்லாம் நிற்கின்றன என்பது அவளுக்குப் புரிந்தது. படிக்காத பெண்ணுக்குக்கூடப் புரியும். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது.

பிறகு அவள் பேனரை நினைத்தாள். கொட்டை எழுத்தில் தன் பெயர். அதன் கீழே, சின்னதாக இருந்தாலும், இன்னொரு பெயர். முன்வரிசையில் உட்காரும் மாதர் மன்றத்துப் புஷ்பம், பக்கத்திலிருப்பவள் காதில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள்.

“வேற யாரும் இல்லே, யூனிஸ்,” என்றாள் மாமி, மேடைக் குரலில். “ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் நானேதான்.”

“தேங்க் யூ மேடம். காலைல பாக்கலாம்.”

ரிசீவரை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

சத்தம் இல்லை. வாடை இல்லை. தாம்பாளத்தைப் பார்த்தாள். இருபத்துநாலு அச்சுகளும் சுத்தமாக இருந்தன. ஒரு புள்ளி மை இல்லை. கிளியின் உப்பல் வற்றி, பள்ளங்கள் கூர்மையாகத் திறந்து, நேற்று வெட்டியதுபோல இருந்தது. கைகளைப் பார்த்தாள். ஊதா போயிருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பட்டினியும் மண்ணெண்ணெய் வாடையும், தலை சுற்றியிருக்கும், எல்லாம் பிரமை. நாளைக்கு மேடையில் எந்தப் பக்கம் திரும்பி நின்றால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று பார்க்க, மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் போனாள்.

கண்கள் இருந்தன. பார்ப்பதற்காக விட்டுவைத்திருந்தார்கள்.

மற்ற எதுவும் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. காதிருந்த இடத்திலிருந்து காதிருந்த இடம் வரை, நெற்றியிலிருந்து தாடை வரை, மேடு பள்ளமில்லாத ஒரே பரப்பு. நன்றாகத் தேய்த்துக் கழுவி உலர்த்திய ரப்பர்.

கத்தினாள். சத்தம் உள்ளேயே சுற்றியது.

வாசல் கதவைத் தட்டும் சத்தம். “அபிதா! கதவைத் திற. தொப்பலா நனைஞ்சுட்டேன்.” சுந்தரராமன். அவளால் நகர முடியவில்லை. தாடைக்குக் கீழே ஏதோ பிடித்திருந்தது. குளிர்ந்த விரல்கள். வேலைக்கு எடுத்த கட்டையைப் பிடிக்கிற மாதிரி, அழுத்தாமல், அசையவும் விடாமல்.

நெற்றியில் ஒரு பிளேடின் முனை பதிந்தது.

வலிக்கும் முன்பே கோடு திறந்தது. ரத்தம் வரவில்லை. மெல்லிய ஊதா. கோடு வளைந்தது, சுழித்தது, மேலேறி இறங்கியது. பிசிறில்லாத கை. அச்சில் எழுத்தை இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும், கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும் என்று நாற்பது வகுப்புகளில் அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கண்ணாடியில் நேராகத் தெரிந்தது.

அ.

அந்த நிலையிலும் அபிதகுஜாம்பாளுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. தன் பெயர்தான்.

அந்தக் கை பிளேடை எடுத்து, துடைத்து, அடுத்த எழுத்துக்கு வைத்தது. கீழிருந்து மேலே ஒரு கோடு. பக்கவாட்டில் ஒரு வளைவு.

ரு.

“அபிதா! என்ன பண்றே உள்ளே?” கதவு அதிர்ந்தது.

முனை மூன்றாவது எழுத்துக்கு நகர்ந்தது. நிதானமாக. அதற்குக் கீழே, இரண்டு கன்னங்களும் தாடையும் கழுத்தும், வெட்டாத இடம் இன்னும் எவ்வளவோ இருந்தது.